அச்சின் நுனி

அச்சின் நுனியில் ஏதோ வரிவரியாக இருந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்து ஊதிப் பார்த்தாள். போகவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, மேலே வெள்ளைப் பொடியை மெல்லிசாகத் தூவி, சுழல் தட்டில் மறுபடி உட்கார வைத்தாள். கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். தட்டு முனகிக்கொண்டே சுழன்றது. ஸ்கேனரிலிருந்து நீலக் கோடுகள் கிளம்பி, அந்தச் சின்ன உருவத்தின் மேல் வழுக்கி, மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் போய் மறைந்தன. கணினித் திரையில் காது மெல்ல மெல்ல உருவானது. நுனி கடைசியாக வந்தது. வரிகள் அப்படியேதான் இருந்தன.

வெளியே பட்டப்பகல். அந்த அறைக்குள் மட்டும் எப்போதும் இருட்டு. வெளிச்சம் ஒரு கீற்று நுழைந்தாலும் அளவு பிசகும் என்பதால் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். குளிர்சாதனத்தின் ஒரே சீரான மூச்சு, ஸ்பிரிட் நெடி, வெந்த ரப்பர் போல ஒரு வாசனை. இவ்வளவுதான் அவளுடைய உலகம். காது கேட்காதவர்களுக்கான கருவியைக் காதுக்குள் தாங்கிப் பிடிக்கும் சின்னத் துண்டு, மோல்டு என்று அதற்குப் பெயர், அந்தத் தொழிற்கூடத்தில் தயாரானது. பரிசோதனை நிலையங்களில் நோயாளியின் காதுக்குள் மெத்தென்ற சிலிக்கோனைச் செலுத்தி, அது இறுகியதும் உருவி எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அந்த அச்சை இவள் ஸ்கேன் செய்வாள். அதைப் பார்த்து மோல்டு தயாராகி வரும். அதையும் ஸ்கேன் செய்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பாள். பொருந்திய இடம் பச்சை; புடைத்த இடம் சிவப்பு; குறைந்த இடம் நீலம். மயிரிழை குறைந்தால் கருவி விசில் அடிக்கும். மயிரிழை கூடினால் காது புண்ணாகும். சரி என்று சொல்வதும் தள்ளுபடி என்று சொல்வதும் அவள் கையில். அதனால் கூடத்தில் அவளை 'அளவுக்காரி' என்றே கூப்பிட்டார்கள்.

அளவுக்காரி நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரிகள் வளைந்து, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, நடுவில் ஒரு சுழியாக முடிந்தன. விரல் ரேகை. பிறந்த குழந்தையின் விரல் அளவுதான் இருக்கும். நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.

நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கே காது பரிசோதிக்கும் பெண் இவளுக்குக் குரலளவில் பழக்கம்.

"அச்சை உருவும்போது நுனியில யார் கையாவது பட்டிருக்குமா?"

"பட்டா என்ன? அதுக்குள்ள இறுகிப் போயிருக்குமே. ரப்பர்ல ரேகை விழுமா?"

"உள்ள பஞ்சு வச்சீங்கதானே?"

"வைக்காம எப்படி? செவிப்பறையில போய் ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது? நூல் தொங்குது பாருங்க."

நூல் தொங்கியது. காதின் ஆழத்தில் அடைப்பாக வைக்கும் நுரைப்பஞ்சை அந்த நூலில்தான் கட்டியிருப்பார்கள். அச்சோடு அதுவும் வந்துவிட வேண்டும். இதில் நூலின் முனை வெறுமையாக இருந்தது. முடிச்சு மட்டும் பத்திரமாக இருந்தது.

"பஞ்சு வரலியே."

அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"லைட் அடிச்சு உள்ள பாத்தேன்," என்றாள் அந்தப் பெண். "காது காலியாதான் இருந்தது."

போனை வைத்த பிறகும் அளவுக்காரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நுனி என்பது காதுக்குள் ஆக உள்ளே போன பகுதி. சிலிக்கோன் இளகியிருந்த அந்தச் சில நிமிடங்களில் அதன் மேல் விரல் வைக்க வேண்டுமென்றால், வைத்தவர் வெளியில் இருந்திருக்க முடியாது. இந்தக் கணக்கை அவள் தலைக்குள் போட்டுப் பார்த்தாள், விடை பிடிக்கவில்லை, போட்ட கணக்கைக் கலைத்துவிட்டாள்.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் எதற்கும் பதறாத மனிதர். "பொடி தேங்கியிருக்கும். மழமழன்னு ஆக்கி அனுப்பிடு. நுனியை எப்படியும் வெட்டத்தானே போறோம்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் திரையில் அந்த இடத்தை வட்டமிட்டு மழுக்கினாள். ரேகை கரைந்து போனது. மனம் லேசானது போலத்தான் இருந்தது.

அதே வாரத்தில் இன்னொன்று வந்தது. வேறு ஊர், வேறு நிலையம், ஒரு நடுவயதுப் பெண்ணின் காது. நூலில் பஞ்சு இல்லை. நுனியில் ரேகை. அவள் முதல் அச்சின் ஸ்கேனைத் தேடி எடுத்தாள். மழுக்குவதற்கு முந்தையது கணினியில் இருந்தது. இரண்டு காதுகள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது, ஒரே தலையின் இரண்டு காதுகள்கூட. ஒன்றின் மேல் ஒன்றை வைத்ததும் திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகப் பூத்தது. பொருந்தவே இல்லை. நுனியில் மட்டும், ஒரு பயறு அளவு இடத்தில், பச்சை. சுழியின் மேல் சுழி. தழும்பின் மேல் தழும்பு.

அவள் திரையை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த வாரங்களில் அதே மாதிரி இன்னும் சில வந்தன; ஒவ்வொன்றையும் நுனி மழுக்கி அனுப்பினாள்.

பக்கத்து அறையில் மோல்டுகளைத் தேய்த்து மெருகேற்றுகிறவளை எல்லாரும் 'பாலிஷ் அக்கா' என்பார்கள். வாய் ஓயாத மனுஷி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் 'தொப்'பென்று போட்டாள்.

"பாரு இந்தக் கூத்தை. நான் விரல் தேய தேய்ச்சு அனுப்புறேன். அங்க ஒருத்தரும் வாங்கிக்கலையாம். எல்லாம் திரும்பி வந்திருக்கு."

"அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் யாரு போட்டுப் பாத்தா? வேண்டாமாம். அவங்களுக்கு இப்ப நல்லா கேக்குதாம்." பாலிஷ் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "செவிடெல்லாம் தானா சரியாயிடுச்சுன்னா நம்ம பொழப்பு என்ன ஆகறது, சொல்லு."

அளவுக்காரி பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பார்த்த வேலை அவள் கைக்கு மறக்காது. எல்லாமே நுனி மழுக்கி அனுப்பியவை.

வீட்டில் அவளும் கணவனும் மட்டும்தான். கணவன் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க இரும்பின் மேல் இரும்பு இடிக்கிற சத்தத்தில் அவன் காதுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டன. வலது காது சுத்தமாக. அதை அவன் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. "நீ திட்டறது கேக்கல பாரு, அதான் நான் இவ்வளவு தெம்பா இருக்கேன்," என்பான். முகம் பார்த்துப் பேச வேண்டும், கூப்பிட வேண்டுமென்றால் மணிக்கட்டில் தட்ட வேண்டும் என்று ஆகி வெகு காலமாயிற்று. அதில் அவளுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் முணுமுணுக்கலாம். ஈரத் துண்டைப் பற்றி, விரயமான வயசைப் பற்றி, அவனைக் கட்டிக்கொண்டதைப் பற்றி. வாயைத் திறந்து சொன்ன மாதிரியும் ஆயிற்று, ஒருவர் மனமும் நோகவில்லை.

அவனுடைய பழைய மோல்டு பழுத்துப் போய் விசில் அடித்துக்கொண்டிருந்தது. புதிதாக அச்சு கொடுக்க வேண்டும் என்று அவளே நச்சரித்தவள்தான், இந்த வாரங்களில் வாயைத் திறக்கவில்லை. அவன் தானாகவே போயிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தலாம் என்று.

கூடத்துக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெயரைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. காதுக் குழிவின் மேல்மடிப்பில் ஒரு சின்னப் பள்ளம், என்றோ இரும்புச் சீவல் தெறித்து விழுந்த தழும்பு. எத்தனையோ ராத்திரி விரலால் தடவிப் பார்த்த இடம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பாமல் இருந்தாள். குளிர்சாதனம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடது காதைத் திருப்பினாள். நுனியில் பஞ்சு, பத்திரமாக. வலது காதைத் திருப்பினாள்.

நூல். முடிச்சு. வேறொன்றும் இல்லை.

பொடியை அளவுக்கு மேல் கொட்டியதில் மேசையெல்லாம் வெள்ளையாயிற்று. தட்டு சுழன்றது. நீலக் கோடுகள் ஏறி இறங்கின. இந்த முறை ஒரு விரல் இல்லை. ஒரு பக்கம் மூன்று விரல்களின் பதிவு, ஒன்றையொட்டி ஒன்று. எதிர்ப்பக்கம் கட்டைவிரல். தொட்டுப் பார்த்தது அல்ல. பிடித்துப் பார்த்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கணவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தான். கருவி அலமாரி மேல் டப்பாவுக்குள் இருந்தது. பேட்டரி தனியாகக் கிடந்தது. கூரைத் தகட்டில் மழை அடித்துப் பெய்தது. அவளுக்கே அவள் குரல் கேட்காத அளவுக்கு. வாய் தன் பழக்கத்தில் முணுமுணுத்தது:

"ஈரத் துண்டை நாற்காலி மேல போடாதன்னு எத்தனை தடவை சொல்றது."

அவன் கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து துண்டை எடுத்துக் கொடியில் போட்டான்.

அவள் அசையவில்லை. பிறகு இன்னும் மெதுவாக, உதடு மட்டும் அசைய, "உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

அவன் திரும்பிச் சிரித்தான். "கேக்குதே!"

ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்துதான் போனாள், கண்ணீர் கொட்டியது. அவன் அவளுடைய முதுகைத் தட்டிக் கொடுத்தான். பேசும்போது தலையை வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான், தோளில் தூங்கும் குழந்தை எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவன் மாதிரி.

"எப்போலேர்ந்து?"

"அச்சு குடுத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரிலேர்ந்து. நீ பேசறது நேரா கேக்கல. மழை கேக்கல, ரோட்டு வண்டி கேக்கல." அவன் வலது காதை ஒரு விரலால் தொட்டுக் காட்டினான். "நீ பேசறதை இது உள்ளேர்ந்து எனக்குச் சொல்லுது."

"எது?"

"இதுதான்," என்றான், அவளுக்குப் புரியாததைப் பார்த்து ஆச்சரியப்பட்டவன் போல.

கட்டிக்கொண்டிருந்த கைகளை அவள் மெல்ல விலக்கிக்கொண்டாள்.

மறுநாள் காது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வெளிச்சம் போட்டு வெகுநேரம் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார வைத்து ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். கணவன் ஒன்றுக்கும் கை தூக்கவில்லை. முன்னைவிட மோசம் என்றார் மருத்துவர். "ஆனா நல்லா உதடு படிக்கிறார்மா. கெட்டிக்காரர்." அளவுக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். மருத்துவர் முகமூடி போட்டிருந்தார்.

அதன் பிறகு வீடு மாறிப் போயிற்று. எதுவும் உடையவில்லை, விளக்கு அணையவில்லை, கதவு தானாகத் திறக்கவில்லை. அவன் காலையில் எழுந்தான், பல் விளக்கினான், வேலைக்குப் போனான், வந்தான். குளிக்கும்போது மட்டும் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். தூங்கும்போது அந்தக் காது மேலே இருக்கும்படி படுத்தான், விடியும்வரை புரளவே இல்லை. இரவுகளில் அந்த இருட்டான சின்ன ஓட்டை தன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க, அவள் கண்ணை மூடாமல் படுத்திருந்தாள். உற்றுக் கேட்டால் ஒரு சத்தம் வருவது போலிருக்கும்: உலர்ந்த எதையோ விரல்கள் பொறுமையாகப் பிய்க்கிற சத்தம்.

"அந்தப் பஞ்சு என்ன ஆச்சுங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது வச்சுக்கிச்சு," என்றான் கணவன், தட்டிலிருந்து தலை தூக்காமல். "பிச்சுப் போட்டுப் படுத்துக்குது."

முணுமுணுப்பதை அவள் விட்டுவிட்டாள். வாயே திறப்பதில்லை. ஆனால் அவன் பழைய முணுமுணுப்புகளைக் கேட்க ஆரம்பித்தான். பல வருஷங்களுக்கு முன்னால் அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னவை, இன்ன நாளில் இன்ன அறையில் என்று. கோபப்படவில்லை. சாதம் பிசைந்தபடி, "என்னைக் கட்டிக்கிட்டது குழியில விழுந்த மாதிரின்னு சொன்னியே, அவ்வளவு கஷ்டமாவா இருந்தது?" என்றான். குரலில் உண்மையான வருத்தம். அவள் அழுதாள், இல்லை என்றாள், கோபத்தில் வந்த வார்த்தை என்றாள். அவன் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறியாமே."

அன்றிலிருந்து அவள் நினைப்பதையும் நிறுத்தப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மனத்துக்குள் அளவுகளைச் சொல்ல ஆரம்பிப்பாள். சுவர் கனம் இவ்வளவு மைக்ரான், விட்டம் இவ்வளவு, விலகல் இவ்வளவு. பாத்திரம் கழுவும்போது எண்கள். விளக்கை அணைக்கும்போது எண்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, படுக்கையில் அவளுக்கு முதுகைக் காட்டியபடி அவன் சொன்னான்:

"எண்ணாதம்மா. அதுக்குத் தூக்கம் வரலையாம்."

அவளுக்கு ஒன்று மட்டும் புரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாதது எதுவாக இருந்தாலும் ஒளிக்குத் தெரியும். இத்தனை வருஷத்து வேலையில் அவள் நம்பிய ஒரே விஷயம் அதுதான். அளந்துவிட்டால் அதற்கு ஒரு உருவம் வந்துவிடும். உருவம் வந்துவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம். காட்டிவிட்டால் ஊசியோ கத்தியோ ஏதோ ஒன்று அதற்கு வழி சொல்லும். அளவு அறையில் கையில் பிடிக்கிற சின்ன ஸ்கேனர் ஒன்று இருந்தது. அச்சு எடுக்க முடியாத குழந்தைகளுக்காக வாங்கியது. காதையே நேராக அதனால் படித்துவிடலாம். விடுமுறை நாளில் கூடம் காலியாக இருக்கும். சாவி அவளிடம்தான்.

எப்படிச் சொல்லி அழைத்துப் போவது என்று யோசித்துக்கொண்டே அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அவன் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"போலாமா?" என்றான். "அதுக்கும் வரணுமாம்."

கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. தேய்க்கும் இயந்திரங்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. தகரக் கூரை வெயிலில் அவ்வப்போது 'டிக்'கென்று விரிந்தது. அளவு அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. கணவனை நாற்காலியில் உட்கார வைத்தாள், வலது காது தன் பக்கம் இருக்கும்படி. கறுப்புத் திரையை இழுத்தாள். குளிர்சாதனத்தைப் போட மறந்திருந்தாள். அறை பழைய காற்றோடு புழுங்கியது. இருட்டில் அவன் மூச்சு கேட்டது. அதற்கு அடியில் இன்னொரு மூச்சு, சின்னதாக, வேகமாக, அப்படித் தோன்றியது.

ஸ்கேனரைக் கையில் எடுத்தாள். நீலக் கோடுகள் அவன் கன்னத்தில் விழுந்து, தாடையின் மயிர்களில் உடைந்து, காதின் மேல் ஏறின. அவளுக்கு எதிரே கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் உருவம் கட்ட ஆரம்பித்தது. மடல். மேல்மடிப்பு. சீவல் தெறித்த தழும்பு. குழிவு. எல்லாம் அவளுக்குத் தெரிந்த அளவுகள், தெரிந்த வளைவுகள். கை தன் பாட்டில் வட்டமிட்டது. வேலை செய்கிற கைக்குப் பயமில்லை. ஓட்டையின் விளிம்பு வந்தது. இருட்டு வந்தது. அவ்வளவுதான்.

காலியான காது.

அவள் மூச்சை விட்டாள். இவ்வளவு நாள் மூச்சு விடவே இல்லையோ என்று தோன்றியது. எல்லாம் மனப்பிரமை. அச்சில் இருந்தது பொடி. அவனுக்குத்தான் ஏதோ புத்தி தடுமாற்றம். அதற்கு வேறு மருத்துவர் இருக்கிறார்.

திரையில், ஓட்டையின் கீழ் விளிம்பில், ஒரு சின்ன மேடு முளைத்தது.

அவள் காதைப் பார்த்தாள். நீலக் கோடுகள் நேராக விழுந்திருந்தன. விளிம்பு, தோல், ரோமம். வேறொன்றும் இல்லை.

திரையைப் பார்த்தாள். மேடுகள் இரண்டு.

காதைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

திரையில் நான்கு. வரிசையாக. நுனி உருண்டு, விளிம்பின் மேல் மடிந்து, ஜன்னல் சட்டத்தை உள்ளேயிருந்து பற்றிக்கொண்ட மாதிரி. கணினி தன் வழக்கப்படி அவற்றை இன்னும் நுணுக்கமாக வரைந்துகொண்டே போனது. கணுக்கள். நகம். நகத்தின் பிறை.

"என்ன தெரியுது?" என்றான் கணவன்.

 எண்களை நினைத்துப் பார்த்தாள். ஒரு எண்ணும் வரவில்லை. ஸ்கேனர் பழுது. வேறென்ன. கண்ணாடியில் தூசு. நேற்றைய ஸ்கேனின் மிச்சம். அப்படி ஆவதுண்டு. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. வெறும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

இடது கையில் ஸ்கேனர். வலது கையின் சுட்டு விரலை நீட்டினாள்.

கண்ணுக்கு முன்னால் அவள் விரல் மட்டும் போனது. மடலைத் தொட்டது. தழும்பைத் தாண்டியது. குழிவில் இறங்கியது. தோல் சூடாக இருந்தது. ஓட்டையின் விளிம்பைத் தொட்டது. அங்கே எதுவும் இல்லை. எதுவுமே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விரலைச் சுற்றி ஏதோ ஈரமாக, வெதுவெதுப்பாக மடிந்தது.

அவள் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் விரல் மட்டும் இருந்தது. இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கணவனின் தலை அவள் பக்கம் ஆடி வந்தது, பிடி விடவில்லை. ஓடு. ஓடு. மனத்தில் அந்த ஒரு சொல்தான். வாய் திறக்கவில்லை. சத்தம் வரவில்லை. ஓடு.

கணவன் கண்ணை மூடியபடி தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு, தூங்குகிறவளை எழுப்பாமல் பேசுகிறவன் போல, பிரியமாக:

"எங்கம்மா ஓடற?"

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

சாம்பல் நிறக் காதுக்குள் அவளுடைய விரல். அதைச் சுற்றி நான்கு சின்ன விரல்கள், இறுக்கமாக. அவற்றுக்குப் பின்னால், ஓட்டையின் இருட்டிலிருந்து, கணினி ஐந்தாவது விரலை வரைந்து முடித்தது. கட்டைவிரல். அதன் பின் மணிக்கட்டு வந்தது. மணிக்கட்டுக்குப் பின் கை, கோடு கோடாக, நிதானமாக, வெளியே வந்துகொண்டே இருந்தது.